பாய் விரிக்க இடம் இருந்தால் போதும்!

அரியாங்குப்பத்தில் ஒரு சின்ன வீடு. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல் கட்டு. அவ்வளவுதான். வீட்டில் 5 பேர்.

அந்தக் கூடத்தில் ஒரு பெரிய இரும்பு எந்திரம் வந்து இறங்கியது. அதில் கம்பி இருந்தது. கப்பி இருந்தது. படுத்துக்கொள்ளப் பலகையும் இருந்தது.

"ஒரே எந்திரம். 20 வகைப் பயிற்சி!" என்று கடைக்காரர் சொன்னார்.

விலை 38 ஆயிரம் ரூபாய். மொத்தமாகக் கொடுக்க வசதி இல்லை. மாதத் தவணை.

முதல் வாரம் வீடே அதில் ஏறியது. இரண்டாவது வாரம் பையன் மட்டும் ஏறினான். இரண்டாவது மாதம் அவனும் ஏறவில்லை.

ஐப்பசி மழை வந்தது. ஈரத் துணி காயப்போட இடம் இல்லை.

"ஏம்ப்பா, அந்தக் கம்பி சும்மாத்தானே இருக்குது? என் புடவையைப் போட்டுக்கட்டுமா?" என்று வயதான தாயார் கேட்டார்.

அன்று முதல் அது துணி காயும் எந்திரம் ஆகிவிட்டது.

அது யார் வீடு என்று கேட்கிறீர்களா? என் வீடுதான்!

எந்திரம் ஓய்வு எடுத்துக்கொண்டது. தவணை ஓய்வு எடுக்கவில்லை. 18 மாதம் கட்டினேன். கடல் காற்றில் அந்த இரும்பு துருப்பிடித்தது. கடைசியில் காயலான் கடைக்காரர் வந்து, கிலோ கணக்கில் எடை போட்டு எடுத்துப் போனார். மூன்று ஆட்கள் மூச்சுப் பிடித்துத் தூக்கினார்கள். அந்த எந்திரத்தால் என் வீட்டில் ஒழுங்காக நடந்த பளு தூக்கும் பயிற்சி அது ஒன்றுதான்.

ஆகவே, தேகப்பயிற்சிக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். காசு போன பிறகு வந்த புத்தி இது.

பலம் யாருக்கு?

"எங்கள் வீட்டில் யாரும் பயில்வான் ஆகப் போவது இல்லை. எங்களுக்கு இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம்.

மற்ற ஊர்க்காரர்கள் கேட்டாலும் கேட்கலாம். நாம் கேட்கக்கூடாது.

2023-ம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் துணையோடு நடந்த ஆய்வு அது. நாடு முழுவதும் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைச் சோதித்தார்கள். எல்லோரும் 20 வயது நிறைந்தவர்கள். நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 100 பேரில் 11 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. புதுச்சேரியில் எத்தனை பேருக்கு? 100-க்கு 26 பேர்! நமக்கு மேலே கோவா மட்டும்தான். அதுவும் மயிரிழை வித்தியாசம். அங்கே 26.4, இங்கே 26.3.

நான்கு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால், அதில் ஒருவர் "சர்க்கரை இல்லாமல்" என்று சொல்ல வேண்டிய நிலைமை.

இதற்கும் தசைக்கும் என்ன சம்பந்தம்?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, பரோட்டா எல்லாம் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேருகின்றன. அந்தச் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ள உடம்பில் ஒரு பெரிய குதிர் இருக்கிறது. அதுதான் தசை. குதிர் பெரிதாக இருந்தால் நெல் உள்ளே போகும். குதிர் சுருங்கிவிட்டால் நெல் தாழ்வாரத்தில் சிதறிக் கிடக்கும். 30 வயதுக்குப் பிறகு, உழைக்காத தசை மெல்ல மெல்லச் சுருங்குகிறது. 60-க்கு மேல் அது வேகமாகச் சுருங்குகிறது.

நடை நல்லது. காலையில் கடற்கரைக்குப் போய் நடக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், நடை மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ம் ஆண்டில் சொன்ன யோசனை இது: பெரியவர்கள் வாரத்தில் 2 நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கீழே விழாமல் இருக்க, தள்ளாட்டத்தைப் போக்கும் பயிற்சியையும் சேர்த்து வாரத்தில் 3 நாள் செய்ய வேண்டும்.

"65 வயதுக்கு மேலா? கிழவருக்கா?" என்று சிரிக்க வேண்டாம்.

1990-ம் ஆண்டில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் டாக்டர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முதியோர் விடுதியில் இருந்த 10 பேரைச் சேர்த்தார்கள். அவர்களின் சராசரி வயது 90! காலால் பளுவைத் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 8 வாரம் ஆயிற்று. அவர்களுடைய காலின் பலம் எவ்வளவு கூடியது தெரியுமா? சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலே போய்விட்டது.

90 வயதில் முடிகிறது என்றால் 60 வயதில் முடியாதா?

வீட்டை விட்டுப் போனது எது?

நம் பாட்டன்மார் எந்திரம் வாங்கியது இல்லை. வஸ்தாதுவிடம் குஸ்தி பழகியவர்கள் சிலர்தான். ஆனாலும் பலமாக இருந்தார்கள். காரணம், வீடே கசரத்துக் கூடமாக இருந்தது. உரல், உலக்கை, அம்மி, ஆட்டுக்கல், கிணறு. ஊர்ப் பொது இடத்தில் ஒரு உருண்டைக் கல் கிடக்கும். அதற்கு இளவட்டக்கல் என்று பெயர். வாலிபர்கள் அதைத் தோளுக்குத் தூக்கிப் பின்புறம் போட வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளையில் இன்றும் பொங்கல் சமயத்தில் இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடக்கிறது.

நம் ஊரில் மட்டும் என்ன? அரிக்கமேட்டில் 1945-ம் ஆண்டில் வீலர் என்ற வெள்ளைக்கார நிபுணர் தோண்டினார். ரோமாபுரியில் இருந்து கப்பலில் வந்த பெரிய மண் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. நிறையச் சரக்கோடு வந்த சாடிகள்! கிரேன் இல்லாத காலத்தில் அவற்றைக் கரையில் இறக்கியது யார்? ஆற்றங்கரையில் வாழ்ந்த நம் முன்னோர்தானே இறக்கியிருக்க வேண்டும்!

இதற்காக, "உரலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்" என்று வீட்டுப் பெண்களிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சொன்னால் உலக்கை முதலில் என் தலையில்தான் விழும். மிக்சியும் கிரைண்டரும் வந்தது நல்லதுதான். ஆனால், அந்த வேலைகளோடு சேர்ந்து உடம்பை விட்டுப் போனது எது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

நான் யோசித்துப் பார்த்தேன். உட்கார்ந்து எழுவது முழுவதும் போய்விடவில்லை. கோவிலில் தோப்புக்கரணம் போடுகிறோம். தூக்குவதும் போகவில்லை. நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. குடிநீர்க் கேன் 20 கிலோ. மாதம் சில தடவையாவது நகர்த்துகிறோம்.

அடியோடு போனது இழுப்பதுதான்!

கிணற்றில் 50 வாளி இறைத்தால் முதுகு, தோள், முன்கை, விரல் எல்லாம் வேலை செய்யும். இன்று குழாயைத் திருகுகிறோம். வீராம்பட்டினத்துக் கரையில் மீனவர்கள் வலை இழுப்பதைப் பாருங்கள். குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார்கள். அந்த முதுகு நமக்கு இருக்கிறதா?

ஆடி மாதம் ஐந்தாவது வெள்ளிக்கிழமை அங்கே செங்கழுநீர் அம்மனுக்குத் தேர். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இன்றும் கவர்னர் வந்து வடம் பிடிக்கும் வழக்கம் இருக்கிறது. நானும் ஒரு வருடம் பிடித்தேன். மறுநாள் காலையில் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. வீட்டில் எந்திரம் வைத்திருந்த மனிதன் நான்!

அப்போதுதான் எனக்கு ஒரு கணக்குப் புரிந்தது. வீட்டில் எது இல்லையோ, அதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும். இருப்பதற்கு எதற்குக் காசு?

தரை இருக்கிறது, உடம்பு இருக்கிறது

கால் பலத்துக்கு உங்கள் உடம்பின் கனமே போதும். நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்திருங்கள். மறுபடியும் மெதுவாக உட்காருங்கள். 10 தடவை. அது சுலபமாகிவிட்டால் முக்காலிக்கு மாறுங்கள். அதுவும் சுலபமாகிவிட்டால் பஸ்கி போடுங்கள். இதற்கு எந்த எந்திரமும் வேண்டாம்.

தள்ளும் பலத்துக்குத் தரை இருக்கிறது. தண்டால் எடுக்க முடியவில்லையா? சுவரில் கையை ஊன்றி எடுங்கள். பிறகு சமையல் மேடையில் ஊன்றுங்கள். பிறகு திண்ணையில். கடைசியில் தரையில். சாய்வு கூடக் கூடக் கனமும் கூடும்.

"இதனால் எல்லாம் பலம் வந்துவிடுமா?" என்று சந்தேகப்படுகிறவர்கள் மனோகர் ஐச்சின் கதையைக் கேட்க வேண்டும். அவர் வங்காளி. உயரம் 4 அடி 11 அங்குலம். வெள்ளைக்காரர் காலத்தில் விமானப் படையில் வேலை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியைக் கன்னத்தில் அறைந்தார். சிறையில் தள்ளினார்கள். அங்கே குண்டும் இல்லை, கம்பியும் இல்லை. வெறுங்கையால் மணிக்கணக்கில் பயிற்சி செய்தார். 1952-ம் ஆண்டில் லண்டனில் "உலக ஆணழகன்" போட்டியில், குள்ளமானவர்கள் பிரிவில் அவருக்குப் பட்டம் கிடைத்தது. 100 வயதைத் தாண்டி வாழ்ந்து, 2016-ல் காலமானார்.

சிறை அறையை விட நம் கூடம் பெரியதுதானே!

ஒரு பாய் விரிக்கும் இடம் இருந்தால் போதும். 6 அடி நீளம், 3 அடி அகலம். பாயைச் சுருட்டினால் கூடம் மறுபடியும் கூடம். எந்திரத்தைச் சுருட்ட முடியுமா?

எண்ணெய்க் கேன்

இனி இழுப்பதற்கு வருவோம்.

கடைக்குப் போகும் முன்பு சமையல் கட்டுக்குப் போங்கள். 5 லிட்டர் எண்ணெய் வாங்கிய பிளாஸ்டிக் கேன் காலியாகக் கிடக்கும். அதில் கைப்பிடி இருக்கும். கழுவித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே, 2 லிட்டர் ஊற்றினால் 2 கிலோ. முழுவதும் ஊற்றினால் 5 கிலோ. காய்ந்த மணலை நிரப்பினால் ஏறக்குறைய 8 கிலோ. கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், குறைக்கலாம். செலவு? ஒரு காசும் இல்லை!

ஒரு கையை முக்காலியில் ஊன்றிக் குனியுங்கள். முதுகு வளையக்கூடாது, பலகை போல் இருக்க வேண்டும். மறு கையால் கேனைப் பிடித்து இடுப்புப் பக்கம் இழுங்கள். கிணற்றில் வாளி இழுப்பது போல. மெதுவாக இறக்குங்கள். இதுதான் நாம் தொலைத்த பயிற்சி.

அடுத்தது ரப்பர் பட்டை. விளையாட்டுச் சாமான் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கும். அதை ஜன்னல் கம்பியில் கோத்து, மார்பு வரை இழுக்கலாம். மேல் கம்பியில் கோத்தால் மேலிருந்து கீழே இழுக்கலாம். இடம் இல்லாத வீட்டுக்கு இதைப் போல ஒன்று இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால், பட்டையை வெயிலில் போடக்கூடாது. ரப்பர் இற்றுப்போகும். ஒவ்வொரு நாளும் இழுக்கும் முன்பு வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அறுந்தால் கண்ணில் அடிக்கும். ஜன்னல் கம்பி ஆடுகிறதா என்றும் பாருங்கள். பழைய வீடுகளில் ஜன்னல் சட்டத்தைக் கரையான் உள்ளே தின்றுவிட்டு, வெளியே சாயத்தை மட்டும் விட்டுவைத்திருக்கும்.

கதவு நிலையில் மாட்டித் தொங்கும் கம்பியும் விற்கிறார்கள். வாலிபர்களுக்கு நல்லதுதான். நிலை உறுதியாக இருந்தால் மட்டும்!

கன்றுக்குட்டியும் மல்லனும்

கேன் 8 கிலோவோடு நின்றுவிடும். என் தாயாருக்கு அது போதும். 22 வயதுப் பையனுக்குப் போதுமா?

2,500 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்கர்களிடையே மிலோ என்று ஒரு மல்லன் இருந்தான். அவனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவன் ஒரு கன்றுக்குட்டியை தினமும் தோளில் சுமந்தானாம். கன்று வளர்ந்தது. அவன் பலமும் வளர்ந்தது. கடைசியில் முழு மாட்டையே தூக்கினானாம்! கதை நிஜமோ, பொய்யோ! அதில் ஒரு விஷயம் இருக்கிறது. கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். கூடாத கனம் சில மாதங்களில் வெறும் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும்.

ஆகவே, கடையில் தம்பிள்ஸ் கேட்டால், கழற்றி மாட்டும் தம்பிள்ஸ் கேளுங்கள். இரண்டு சின்னக் கம்பிகள். அதில் மாட்டும் வட்டத் தட்டுகள் 20 கிலோ. இவ்வளவுதான். இன்று 3 கிலோ மாட்டலாம். ஆறு மாதம் கழித்து 8 கிலோ மாட்டலாம். தாயும் மகனும் ஒரே சாமானைப் பயன்படுத்தலாம். கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடலாம்.

ஒரே கனத்தில் வார்த்த குண்டுகளை ஜோடி ஜோடியாக வாங்கினால் என்ன ஆகும்? 2, 4, 6, 8, 10 கிலோ என்று ஐந்து ஜோடி சேர்த்தால் 60 கிலோ இரும்பு. காசும் போகும், இடமும் போகும். இருட்டில் காலும் இடறும்.

வாங்கும்போது மரையைத் திருகிப் பாருங்கள். கடைசி வரை ஓடுகிறதா, பாதியில் வழுக்குகிறதா என்று பாருங்கள். மரை வழுக்கினால் தட்டு கழன்று காலில் விழும். பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்டு அடைத்த தட்டுகள் விலை குறைவு. அவை இரும்பை விடப் பருமன். கீழே போட்டால் உறை வெடித்துக் கொட்டும். ஆனாலும், முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு அது மோசம் இல்லை. கடல் காற்று அதை ஒன்றும் செய்யாது. இரும்புத் தட்டு என்றால், துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். நம் ஊரில் ஒரு மழைக் காலம் போதும், இரும்பு செம்மண் நிறம் ஆகிவிடும்.

இன்னொன்று. தட்டில் 5 கிலோ என்று அச்சடித்திருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். மளிகைக் கடைத் தராசில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். என் பையன் வாங்கிய ஒரு தட்டு 300 கிராம் இளைத்திருந்தது. உடம்பு இளைக்க வாங்கிய சாமான் தானே இளைத்துப் போயிற்று!

பெரிய கனம் இருந்தால்தான் தசை வளரும் என்று சிலர் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. கனடா நாட்டில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 49 வாலிபர்களை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். முடிவு 2016-ல் வெளிவந்தது. ஒரு கூட்டத்தார் அதிகக் கனத்தை 8 முதல் 12 தடவை தூக்கினார்கள். மற்றக் கூட்டத்தார் குறைந்த கனத்தை 20 முதல் 25 தடவை தூக்கினார்கள். இரண்டு கூட்டத்தாரும், இனி முடியாது என்ற நிலை வரும் வரை தூக்கினார்கள். தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை! சின்னச் சாமான் வைத்திருக்கும் ஏழைக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்?

கடைசல் பட்டறையில்

கர்லாக்கட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஆறாது.

அது நம் நாட்டுச் சாமான். இங்கே வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அதைப் பார்த்தார்கள். தங்கள் நாட்டுக்கு எடுத்துப் போனார்கள். அங்கே அதற்கு "இந்தியக் கட்டை" என்றே பெயர். 1904-ம் ஆண்டிலும் 1932-ம் ஆண்டிலும் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றும் போட்டி இருந்தது. 1932-ல் தங்கப் பதக்கம் வாங்கியவர் ஜார்ஜ் ராத் என்ற அமெரிக்கர். அப்போது அவருக்கு வேலை கிடையாது. பதக்கத்தை வாங்கிக்கொண்டு, சாலையில் போன வண்டியை மறித்து ஏறி வீடு திரும்பினார் என்று சொல்வார்கள்.

தோளுக்கும் மணிக்கட்டுக்கும் பிடிக்கும் கர்லாக்கட்டையைப் போல நல்லது இல்லை. நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து இருப்பவர்கள் 5 நிமிடம் சுழற்றிப் பாருங்கள். மரக் கடைசல் பட்டறையில் சொன்னால் செய்து கொடுப்பார்கள். ஈரம் இல்லாத, முடிச்சு இல்லாத மரமாக இருக்க வேண்டும். ஈர மரம் காய்ந்தால் வெடிக்கும். கனமும் குறையும்.

நான் பட்டறைக்குப் போனபோது, "4 கிலோவில் ஒரு ஜோடி வேணும்" என்று மிடுக்காகச் சொன்னேன்.

பட்டறைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், முதல்ல ஒன்றரை கிலோவுல போடுறேன். அதைச் சுத்திட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அந்த மனிதர் வியாபாரத்தை விட என் தோளைப் பெரிதாக நினைத்தார். எந்திரம் விற்ற கடையில் யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 38 ஆயிரம் மிஞ்சியிருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கர்லாக்கட்டை கூடத்துக்கு ஆகாது. கூரையில் மின்விசிறி ஓடுகிறது. கட்டையோடு கையை உயர்த்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியது இல்லை. மொட்டை மாடிக்குப் போங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். இரவில் கட்டையைப் படுக்க வையுங்கள். நிறுத்தி வைத்தால் குழந்தை இழுத்துத் தள்ளும்.

பெண்கள் தூக்கலாமா?

"பொம்பளை கனம் தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவாள்" என்று என் வீட்டிலேயே ஒரு பேச்சு வந்தது. பேசியவர்கள் 30 கிலோ சிலிண்டரைச் சமையல் கட்டுக்கு உருட்டிக்கொண்டே பேசினார்கள்!

மீராபாய் சானு என்ற மணிப்பூர்ப் பெண்ணைப் பாருங்கள். சிறுமியாக இருந்தபோது விறகுக் கட்டு சுமந்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ம் ஆண்டில், 49 கிலோ எடைப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். இரண்டு வகையிலும் சேர்த்து அவர் தூக்கியது 202 கிலோ. ஆனாலும் உருவம் சின்னதுதான்.

புதுச்சேரிக்கு இது புதிதும் அல்ல. அரவிந்தர் ஆசிரமத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 2-ந் தேதி தேகப்பயிற்சிக் காட்சி நடக்கும். பெண்களும் ஆண்களோடு பயிற்சி செய்து காட்டுவார்கள். நம் தாத்தா காலத்திலேயே தொடங்கிவிட்டது.

பெண்களுக்கு உண்மையான தடை வேறு. நேரம் இல்லை! சமையல், பாத்திரம், பிள்ளைகள், வேலை. அவர்கள் பாயை விரிக்கும் அந்த 20 நிமிடம் ஆண்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். இதற்கும் சாமான் எதுவும் வாங்க வேண்டியது இல்லை.

இதையும் கவனியுங்கள்

கனம் தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை விடுங்கள். இறக்கும்போது இழுங்கள். மூச்சைப் பிடித்தால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

இருதய நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரையால் கண் நரம்பு கெட்டவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பெரிய கனம் அவர்களுக்கு ஆகாது. இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கிவிடலாம். பக்கத்தில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். மார்பு வலித்தாலும், தலை சுற்றினாலும் உடனே நிறுத்திவிடுங்கள்.

வயிற்றில் கட்டினால் கொழுப்பை உருக்கும் என்று அதிரும் பெல்ட் விற்கிறார்கள். அதிருவது பெல்ட். உருகுவது உங்கள் பணம்.

இப்போது என் வீட்டில்

எந்திரம் நின்ற இடத்தில் இப்போது ஒரு மூங்கில் கூடை இருக்கிறது. அதற்குள் இரண்டு எண்ணெய்க் கேன், ஒரு ரப்பர் பட்டை, பையனின் தம்பிள்ஸ் கம்பிகள். தட்டுகள் கட்டிலுக்குக் கீழே. கர்லாக்கட்டை மாடிப்படி மூலையில் படுத்திருக்கிறது. சுருட்டிய பாய் சுவர் ஓரம். எல்லாம் சேர்த்து 5 ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை.

எல்லோரும் தினமும் செய்கிறார்கள் என்று சொன்னால் பொய். நான் செவ்வாயும் வெள்ளியும் செய்கிறேன். பையன் அவன் இஷ்டம். பெண் பரீட்சை என்றால் நிறுத்திவிடுகிறாள். என் மனைவி மாலையில் செய்கிறாள். அன்று தோசை ஊற்றுவது என் பொறுப்பு. தோசை வட்டமாக வருவது இல்லை.

ஒழுங்காகச் செய்கிறவர் என் தாயார்தான். நாற்காலியில் 10 தடவை எழுந்து உட்காருகிறார். 2 லிட்டர் கேனைப் பிடித்து இழுக்கிறார். போன வாரம் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, கேன் லேசா இருக்குது. இன்னும் அரை லிட்டர் ஊத்து" என்றார்.